இரும்பின் வலுவளவு

எங்கள் இரசாயன ரீச்சர் கடைசியாகக் கரும்பலகையில் எழுதிய சொல் 'வலுவளவு'. அதைத் தலைப்பாக எழுதி, கீழே ஒரு கோடும் இழுத்தார். அந்த நேரம் பார்த்து மணி அடித்துவிட்டது. "இது முக்கியமான பாடம். இது விளங்கினால்தான் மிச்சம் எல்லாம் விளங்கும். நாளைக்குத் தொடங்குவம்" என்று சொல்லிச் சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஊரில் அவருக்குக் கலியாணம் சரிவந்து, கையோடு யாழ்ப்பாணத்துக்கு மாற்றமும் கிடைத்துவிட்டது என்று பிறகு அறிந்தோம். அவரில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெளியூரிலிருந்து திருகோணமலைக்கு வந்த ஆசிரியர்களில் அநேகர், வந்து இறங்கிய நாளிலிருந்து திரும்பிப் போகிற நாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினைந்து வயது. நான் படித்த பெண்கள் பாடசாலையில் விஞ்ஞான வகுப்பு அப்போதுதான் முதன்முதலாகத் தொடங்கியிருந்தது. துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த ஒரு நீள அறையில் மேசைகளையும் ஒரு கண்ணாடி அலுமாரியையும் போட்டு, வாசலில் 'ஆய்வுகூடம்' என்று எழுதிய பலகையை மாட்டியிருந்தார்கள். தண்ணீர்க் குழாய் சுவர் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. அலுமாரிக்குள் இருந்த போத்தல்கள், வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தைக் கைவிட்டுப் போனபோது அவர்களுடைய பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் மிஞ்சியவை என்று சொன்னார்கள். லேபிள்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. கடற்காற்றுப் பட்டுப் பாதி உரிந்திருந்தன.

அதே வெள்ளைக்காரர் போனபோதுதான் என் தகப்பனுக்கும் வேலை போனது. தளத்தின் களஞ்சியத்தில் இருந்தவர். அதற்குப் பிறகு பஜாரில் ஒரு சீமெந்துக் கடையில் நின்றார். நான் விஞ்ஞானம் படிக்கப்போகிறேன் என்றபோது, "படி, படி. படிச்சு என்ன ஆகப்போகுது எண்டு மட்டும் என்னட்டக் கேளாதை" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை. எதையும் எதிர்பார்க்காமல் இருக்கப் பழகிவிட்டிருந்தார்.

ரீச்சர் போய் ஒரு மாதத்துக்குள் வகுப்பு கரையத் தொடங்கியது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் யாராவது ஒருத்தி பெற்றோரைக் கூட்டிக்கொண்டு வந்து, இரசாயனத்தை விட்டுவிட்டுக் குடிமையியலுக்கோ மனையியலுக்கோ மாறிப் போனாள். அதிபர் யாரையும் மறிக்கவில்லை. அவர் மணமாகாத, மெலிந்த, நேர்மையான பெண்மணி. வெள்ளைச் சேலைதான் கட்டுவார். மாறிப் போனவர்களுக்குக் கையொப்பம் வைக்கும்போது தலையை நிமிர்த்த மாட்டார். கடைசியில் நாங்கள் இரண்டு பேர் மிஞ்சினோம். ஒருத்தி நான். மற்றவள் கடலுக்கு அக்கரையில் உள்ள கிண்ணியாவிலிருந்து வந்து, பட்டணத்தில் தன் மாமி வீட்டில் தங்கிப் படித்தவள். பாடசாலை முழுவதும் அவளைக் 'கிண்ணியாக்காரி' என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான்.

அவளால் மாற முடியாது. அவளுடைய வாப்பா அதற்கு இடம் கொடுக்க மாட்டார். அவர் தோப்பூர்ப் பக்கம் நெல் வாங்கிக் கொழும்புக்கு அனுப்புகிற வியாபாரி. இவளுக்கு எட்டு வயதாக இருக்கும்போது இவளுடைய உம்மா பிள்ளைப்பேற்றுக்கு வலி எடுத்து, திருகோணமலை ஆஸ்பத்திரிக்குப் போகக் கரையில் பாதைக்காகக் காத்திருந்து, பாதை வராமல் அங்கேயே இறந்துபோனார். பாதை என்றால் ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக் கடலைக் கடக்கிற பெரிய தட்டைப் படகு. பிள்ளையும் தங்கவில்லை. அடக்கம் முடிந்த கையோடு வாப்பா மகளைக் கூப்பிட்டு, "நீங்க டொக்டராகி இந்தக் கரைக்குத்தான் வரணும்" என்று சொன்னாராம். இதை அவள் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். சுருக்கமாக, வேறு யாருடையவோ கதையைச் சொல்வது போலச் சொன்னாள்.

நான் ஏன் மாறவில்லை என்று கேட்டால் பெரிய காரணம் எதுவும் இல்லை. அவளைத் தனியே விட மனம் வரவில்லை. அத்தோடு, அந்த ரீச்சர் இருந்த ஒரு பள்ளித் தவணையில் எனக்கு அந்தப் பாடம் பிடித்துப்போயிருந்தது.

இரசாயனப் பாடவேளையில் அதிபர் எங்களிடம் ஆய்வுகூடப் பூட்டின் திறப்பைத் தந்துவிடுவார். "ஒண்டையும் உடைக்காதைங்கோ. அமிலத்தைத் தொடாதைங்கோ. இருந்து வாசியுங்கோ" என்பார். எதை வாசிப்பது? தமிழில் இரசாயனப் புத்தகம் எங்கள் கைக்கு எட்டவில்லை. ரீச்சர் தன் குறிப்பைப் பார்த்துத்தான் சொல்லித்தந்தவர். எங்களிடம் இருந்தது மூலகங்களின் பெயர்களும் குறியீடுகளும் அணுவைப் பற்றிய நாலு வசனங்களும்தான்.

வாப்பாவிடம் விஷயம் போனது. அவர் அடுத்த தடவை கொழும்புக்குப் போனபோது பழைய புத்தகக் கடையில் ஏறி இறங்கி, ஒரு தடித்த இரசாயனப் புத்தகத்தை வாங்கிவந்தார். அது ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அட்டையில் குடுவையின் படத்தைப் பார்த்து வாங்கியிருக்கிறார். எங்களுக்கும் ஆங்கிலம் தட்டுத்தடுமாறித்தான் வரும். நூலக அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ரீச்சர் எழுதிவிட்டுப் போன சொல்லுக்குரிய பகுதியைத் தேடினோம். 'வலுவளவு' என்ற சொல்லின் ஆங்கிலம் எது என்றே எங்களுக்குத் தெரியாது. பக்கம் பக்கமாகப் பார்த்து, கடைசியில் ஒரு வசனத்தைப் பிடித்தோம். அதைத் தமிழில் ஆக்க இரண்டு பாடவேளைகள் பிடித்தன. ஒரு மூலகத்தின் ஓர் அணுவோடு எத்தனை ஐதரசன் அணுக்கள் சேருமோ அதுதான் அந்த மூலகத்தின் வலுவளவு.

"அப்ப ஐதரசன்தான் படி" என்றாள் கிண்ணியாக்காரி.

"என்ன படி?"

"நிறுக்கிற படி. எங்கட வாப்பா தராசில வைக்கிறது. எதையும் ஐதரசனோட வச்சுப் பார்க்கணும்."

அந்த வசனத்துக்குக் கீழே மூலகங்களையும் வலுவளவுகளையும் வரிசையாகத் தரும் அட்டவணை இருந்திருக்க வேண்டும். அந்தப் பக்கத்தின் கீழ்ப்பாதியை யாரோ கிழித்திருந்தார்கள். பரீட்சைக்குக் கொண்டுபோவதற்காகப் பழைய சொந்தக்காரன் கிழித்திருப்பான் என்று நான் இப்போது நினைக்கிறேன். அப்போது எங்களுக்கு அழுகைதான் வந்தது. ஆனால் சூத்திரங்கள் புத்தகம் முழுவதும் கிடந்தன. சூத்திரத்துக்கு ஆங்கிலம் தேவையில்லை. தண்ணீரில் ஐதரசன் இரண்டு, ஒட்சிசன் ஒன்று. ஆகவே ஒட்சிசனின் வலுவளவு இரண்டு. அமோனியாவில் நைதரசன் ஒன்றுக்கு ஐதரசன் மூன்று. ஆகவே நைதரசன் மூன்று. சதுப்பு நிலத்து வாயுவில் காபன் ஒன்றுக்கு ஐதரசன் நான்கு. அலுமாரியிலிருந்த ஐதரோகுளோரிக் அமிலத்தின் லேபிளில் குளோரீன் ஒன்றுக்கு ஐதரசன் ஒன்று. இவ்வளவையும் ஒரே பாடவேளையில் கண்டுபிடித்துவிட்டோம். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு போகிறவள் போல இருந்திருப்பேன். எதிரே வந்த பக்கத்து வீட்டு அன்ரி, "என்ன பிள்ளை, சுகமோ?" என்று ஒரு மாதிரிக் கேட்டார்.

பிறகு சோடியத்தில் முட்டிக்கொண்டோம். சோடியமும் ஐதரசனும் சேர்ந்த சூத்திரம் புத்தகத்தில் எங்களுக்கு அகப்படவில்லை. கல்சியத்துக்கும் அப்படித்தான். நாட்கணக்கில் தேடினோம். ஐதரசனோடு சேராதவைக்கு வலுவளவே கிடையாதோ என்றுகூட ஒரு கட்டத்தில் நினைத்தோம். கேட்க ஆளில்லை. உயிரியல் ரீச்சரிடம் கேட்டதற்கு, "நான் இரசாயனத்தை விட்டுக் கன காலம், பிள்ளையள். எனக்கும் வடிவாத் தெரியாது. பிழையாச் சொல்லி உங்களைக் குழப்ப ஏலாது" என்றார்.

ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டின்போது கிண்ணியாக்காரி கையிலிருந்த சோற்றைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு சடக்கென்று நிமிர்ந்தாள்.

"குளோரீன்ட வலுவளவு ஒண்டு எண்டு எங்களுக்குத் தெரியும்தானே?"

"ஓம்."

"அப்ப குளோரீனையே படியா வைப்பம். உப்பில சோடியம் ஒண்டு, குளோரீன் ஒண்டு. சோடியம் ஒண்டு!"

சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு ஆய்வுகூடத்துக்கு ஓடினோம். கல்சியம் குளோரைட்டில் குளோரீன் இரண்டு. அலுமினியம் குளோரைட்டில் மூன்று. ஒட்சிசனையும் படியாக வைத்துச் சரிபார்த்தோம். மகனீசியம் ஒட்சைட்டில் ஒன்றுக்கு ஒன்று. ஒட்சிசன் இரண்டு என்றால் மகனீசியமும் இரண்டு. மகனீசியம் குளோரைட்டிலும் அதே விடை வந்தது. கந்தக அமிலத்தில் ஐதரசன் இரண்டு இருப்பதால் சல்பேற்றுக் கூட்டத்துக்கு இரண்டு என்று எடுத்து, நீலத்துத்தத்தில் செம்பு இரண்டு என்று கண்டோம். எந்த வழியால் போனாலும் அதே எண் வந்தது எங்களுக்கு அதிசயமாக இருந்தது. யாரும் சொல்லித்தராமலே ஒன்று சரியாக வருகிறது என்றால், அதை யாரும் எங்களிடமிருந்து பறிக்கவும் ஏலாது என்று நான் நினைத்தேன். பதினைந்து வயதில் அப்படித்தான் நினைக்கத் தோன்றும்.

இரும்பில்தான் எல்லாம் குழம்பியது.

அலுமாரியில் இரும்பு உப்புகள் இரண்டு போத்தல்களில் இருந்தன. ஒன்று சல்பேற்று. அதில் இரும்பு ஒன்றுக்குச் சல்பேற்று ஒன்று. ஆகவே இரும்பு இரண்டு. மற்றது குளோரைட்டு. அதில் இரும்பு ஒன்றுக்குக் குளோரீன் மூன்று. ஆகவே இரும்பு மூன்று. எத்தனை தடவை கணித்தாலும் இதுதான் வந்தது. லேபிள்களைப் பார்த்தால் ஒன்றில் 'பெரஸ்' என்றும் மற்றதில் 'பெரிக்' என்றும் இருந்தது. லேபிள் எழுதிய வெள்ளைக்காரன் எழுத்துப்பிழை விட்டுவிட்டான், அதோடு சூத்திரத்தையும் பிழையாக எழுதிவிட்டான் என்று முடிவுகட்டினோம். புத்தகத்தைப் பார்த்தால் அதிலும் இரண்டு விதமாகவும் இருந்தது.

"எங்கட முறைதான் பிழை" என்று சொல்லிக் கிண்ணியாக்காரி புத்தகத்தை மூடிவிட்டாள். "ஒரு மூலகத்துக்கு ஒரு வலுவளவுதானே இருக்கணும். இரும்புக்குப் பிழைச்சா சோடியத்துக்கும் பிழைச்சிருக்கும். ஒட்சிசனுக்கும் பிழைச்சிருக்கும். எல்லாம் பிழை."

அந்த வாரம் முழுவதும் அவள் புத்தகத்தைத் தொடவில்லை. நான் இரண்டு போத்தல்களையும் மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சல்பேற்றுப் பளிங்குகளின் மேல் மண்நிறத் தூள் படிந்திருந்தது. கொண்டை ஊசியால் ஒன்றைச் சுரண்டினேன். உள்ளே இளம்பச்சை. குளோரைட்டு போத்தலுக்குள்ளேயே வியர்த்து, மஞ்சளும் கபிலமுமாகக் குழைந்து கிடந்தது. ஒரே இரும்பு, நிறம் மட்டும் ஏன் வேறு என்று அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் இரண்டு போத்தல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "சுண்ணாம்பு எடுத்துட்டு வா" என்றாள். காரத்தைச் சேர்த்தால் உலோகம் வீழ்படிவாக வரும் என்று புத்தகத்தில் எங்கோ வாசித்திருக்கிறாள். அலுமாரியில் இருந்த சோடியம் ஐதரொட்சைட்டு கல்லாக இறுகி, போத்தல் மூடியே திறபடவில்லை.

பாடசாலைக்கு எதிரே வெற்றிலைக் கடையில் சுண்ணாம்பு வாங்கி, தண்ணீரில் கரைத்து, தெளியவிட்டு எடுத்தோம். இரண்டு இரும்பு உப்புகளையும் தனித்தனிச் சோதனைக்குழாய்களில் கரைத்தோம். முதலில் குளோரைட்டுக்குள் சுண்ணாம்புத் தண்ணீரை விட்டோம். கறள் நிறத்தில் திரைந்தது. எங்கள் கரையில் நங்கூரத்திலும் கதவுப் பிணைச்சலிலும் பார்த்துப் பார்த்துச் சலித்த அதே நிறம். பிறகு சல்பேற்றுக்குள் விட்டோம். அது அழுக்குப் பச்சையாக, பாசி போலத் திரைந்தது.

"ரெண்டும் இரும்புதான்" என்றாள் அவள் மெதுவாக. "ஆனா ரெண்டும் ஒண்டில்ல."

குழாய்களைக் கழுவாமல் அப்படியே மரச் சட்டத்தில் வைத்துவிட்டுப் போனோம். அடுத்த நாள் காலையில் வந்து பார்த்தால், பச்சைக் குழாயின் மேல்பக்கம் காற்றுப் பட்ட இடத்திலிருந்து கறள் நிறமாக மாறிக்கொண்டு வந்திருந்தது. கீழே இன்னும் பச்சை. நடுவில் இரண்டும் கலந்த ஒரு வளையம். நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. இரண்டாக இருந்த இரும்பு தானாகவே மூன்றாகிக்கொண்டிருந்தது. கிண்ணியாக்காரி சட்டத்துக்கு முன்னால் குனிந்து, முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுடைய கண்கள் நிறைந்திருந்தன.

"இரும்புக்கு ரெண்டு வலுவளவு. எழுத்துப் பிழையில்ல" என்றாள்.

என் பள்ளிக்கால வாழ்க்கையில் முழுச் சந்தோஷம் என்று சொல்ல ஏதாவது இருந்தால் அந்தக் காலைதான். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒன்று வாய்க்கவில்லை.

இதற்கிடையில் வாப்பா சும்மா இருக்கவில்லை. ஆசிரியர் கேட்டுக் கல்விக் கந்தோருக்கு அலைந்தார். ஒருமுறை அதிபரின் அனுமதியோடு எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக, வாங்குப் பலகையின் நுனியில் அமர்ந்து காலையிலிருந்து பின்நேரம் வரை காத்திருந்தார். உள்ளே கூப்பிட்டபோது, அந்த உத்தியோகத்தர் எங்களைக் கதிரையில் இருக்கச் சொன்னார். மரியாதையான மனிதர்தான்.

"ரெண்டு பிள்ளையளுக்கு ஒரு ஆசிரியரை எப்பிடித் தாறது?" என்று கேட்டார்.

"ரெண்டு புள்ளைகள் இருக்கிறதால ஆசிரியர் இல்லாமப் போகல்ல ஐயா" என்றார் வாப்பா. "ஆசிரியர் இல்லாததாலதான் ரெண்டு புள்ளைகள் இரிக்கி."

உத்தியோகத்தர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்கள் சொல்லுறது நியாயம். ஆனா தம்பலகாமத்தில கணக்குப் படிப்பிக்க ஆளில்லை. ஈச்சிலம்பற்றில பள்ளிக்கூடத்துக்கே ஒரு ஆசிரியர்தான், அவருக்கும் காய்ச்சல். நீங்கள் இரசாயனம் கேட்கிறீங்கள். நான் எங்க போய் எடுக்க?"

வாப்பா எழுந்து, அவருக்கு நன்றி சொன்னார். வெளியே வந்ததும் எங்களுக்குத் தேநீரும் பணிசும் வாங்கித் தந்தார். தான் ஒன்றும் சாப்பிடவில்லை.

இரண்டாம் வருடம் நடுப்பகுதியில் ஒருவர் வந்தார். இளம் வயதுக்காரர், புதுப் பட்டதாரி. ஆய்வுகூடத்தில் நாங்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றோம். அவர் சுவரோடு நின்றுபோன குழாயைப் பார்த்தார், அலுமாரியைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

"எதுவரைக்கும் படிச்சிருக்கிறீங்கள்?"

"வலுவளவு வரைக்கும், சேர்."

"சரி. ஒட்சிசன்?"

"ரெண்டு."

"அலுமினியம்?"

"மூண்டு."

"இரும்பு?"

கிண்ணியாக்காரி என்னைப் பார்த்தாள். பிறகு நேராக அவரைப் பார்த்து, "ரெண்டும் மூண்டும், சேர்" என்றாள்.

"சரி" என்றார் அவர்.

நாங்கள் கண்டது சரி என்று எங்களுக்கு யாரேனும் சொன்னது அந்த ஒரு சொல்தான். அவள் என் கையைப் பிடித்து நெரித்தாள். ஆனால் அவர் அதற்கு மேல் கேட்டுக்கொண்டே போனார். சமன்பாட்டைச் சமப்படுத்தத் தெரியுமோ? தெரியாது. சமவலு நிறை? தெரியாது. நியமிப்பு செய்திருக்கிறீங்களோ? அது என்னவென்றே தெரியாது. வாயு விதிகள்? குளோரீன் தயாரிப்பு? அவருடைய குரல் தாழ்ந்துகொண்டே வந்தது. கடைசியில் மேசை ஓரத்தில் அமர்ந்துகொண்டார்.

"பிள்ளையள், வலுவளவு ரெண்டு பாடவேளையில முடிக்கிற விசயம். உங்களுக்கு எவ்வளவு காலம் எடுத்தது?"

 ஏறக்குறைய ஒரு வருடம் என்று எப்படிச் சொல்வது?

அவர் நல்லவர். தன்னால் முடிந்ததைச் செய்தார். மத்தியான வெயிலிலும் மறித்து வைத்துச் சொல்லித்தந்தார். எங்களுக்கு ஓரளவு விளங்கவும் தொடங்கியது. வலுவளவு தெரிந்ததால் சமன்பாடுகள் சுகமாக வந்தன. கிண்ணியாக்காரி மாமி வீட்டுச் சுவரில் கரியால் சமன்பாடு எழுதி ஏச்சு வாங்கினாள். அந்தத் தவணை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அவர் இல்லை. அவருடைய தாய்க்குச் சுகமில்லை என்று காரணம் சொன்னார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். அதிபர் எங்களைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, திறப்பைத் திரும்பவும் தந்தார்.  நாங்கள் போய் ஆய்வுகூடத்தைத் திறந்தோம்.

பரீட்சை வந்தது. இரசாயனத் தாளை விரித்தேன். வினாக்களில் முக்கால்வாசி நாங்கள் எட்டியும் பார்க்காத இடங்களிலிருந்து வந்திருந்தன. ஒரு வினாவின் சிறு பகுதியில் மட்டும், ஒன்றுக்கு மேற்பட்ட வலுவளவு உள்ள மூலகம் ஒன்றை உதாரணத்தோடு எழுதச் சொல்லியிருந்தார்கள். நான் தேவைக்கு அதிகமாக எழுதினேன். பச்சை, கறள் நிறம், காற்று, எல்லாவற்றையும் எழுதினேன். பக்கத்து வரிசையில் அவளும் தலையைக் குனிந்து அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. மண்டபத்தில் மற்றவர்கள் மேலதிகத் தாள் கேட்டுக் கையை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் ஆண்கள் பாடசாலைப் பிள்ளைகள். அவர்களுக்கு ஆசிரியர் இருந்தார். எங்களுக்கு நேரம் மிஞ்சிக் கிடந்தது. யன்னலுக்கு வெளியே துறைமுகத்தில் ஒரு கப்பல் நகராமல் நின்றது. மணி அடிக்கும் வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெறுபேறு வந்த நேரம் அவள் கிண்ணியாவில் வீட்டோடு இருந்தாள். இருவருக்கும் இரசாயனம் போய்விட்டது. மற்றப் பாடங்களில் அவள் நல்ல சித்திகள் எடுத்திருந்தாள், உயிரியலில் திறமைச் சித்திகூட. அதனால் பயன் இல்லை. இரசாயனம் இல்லாமல் மருத்துவத்தின் வாசற்படியில்கூடக் கால் வைக்க முடியாது. அதிபர் என்னைக் கூப்பிட்டு, "நீயே போய்ச் சொல்லு பிள்ளை. தபாலில அறிஞ்சா அந்த மனிசனுக்குத் தாங்காது" என்றார்.

என் தகப்பன் என்னோடு வந்தார். பாதையில் ஏறி அக்கரைக்குப் போகும்போது மாடுகளும் சைக்கிள்களும் நெல்மூட்டைகளும் எங்களைச் சுற்றி நின்றன. வாப்பா இறங்குதுறையிலேயே நின்றார். ஏதோ லொறிக்காகக் காத்து நின்றிருக்கிறார். என்னைக் கண்டதும் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"எது போயிட்டு?" என்று கேட்டார்.

"இரசாயனம், வாப்பா." நானும் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்.

"ரெண்டு பேருக்குமா?"

"ஓம்."

அவர் என் தகப்பனைப் பார்த்தார். என் தகப்பன் நிலத்தைப் பார்த்தார். "வாங்க, வீட்ட போவம். வெயில்" என்று சொல்லி வாப்பா முன்னால் நடந்தார்.

கிண்ணியாக்காரி கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள். அழவில்லை. எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வாப்பா கதிரையில் இருந்து தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டார். பிறகு மகளைக் கேட்டார்.

"ரெண்டு வருசம் படிச்சீங்களே மகள், என்ன படிச்சீங்க? எனக்குச் செல்லுங்க."

அவர் குற்றம் சாட்டவில்லை. உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டார். அவள் சொன்னாள். ஐதரசனைப் படியாக வைத்து நிறுக்கிறதைச் சொன்னாள். குளோரீனைப் படியாக மாற்றியதைச் சொன்னாள். இரும்புக்கு இரண்டு வலுவளவு என்பதையும், பச்சை கறளாக மாறியதையும் சொன்னாள். அவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். என் தகப்பனும் கேட்டார்.

"இதெல்லாம் நீங்களே கண்டுபுடிச்சதா?"

"நாங்க ரெண்டு பேரும்தான் வாப்பா."

"பரீட்சைக்கு அது காணாதா?"

"காணாது வாப்பா."

"ஏன் காணாது?"

  அவள் திரும்பிக் குசினிக்குப் போனாள். அங்கேயிருந்து தண்ணீர் அள்ளுகிற சத்தம் கேட்டது, நிற்காமல் கேட்டுக்கொண்டே இருந்தது. வாப்பா எங்களைப் பார்த்து, "எனக்கு விளங்கல்ல" என்றார். "புள்ள மூளையுள்ள புள்ள. எனக்கு விளங்கல்ல."

திரும்பி வருகிறபோது என் தகப்பன் பாதையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் உனக்கு முதலே சொன்னனான்" என்று அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 

வாப்பா விடவில்லை. அடுத்த வருடமும் அவளைப் பரீட்சைக்கு இருத்தினார். தனியாரிடம் படிப்பிக்க ஆள் தேடினார். ஆண்கள் பாடசாலை மாஸ்டர் ஒருவர் சம்மதித்து, இரண்டு வாரம் சொல்லிக்கொடுத்து, மட்டக்களப்புக்கு மாறிப்போனார். நான் அந்த முறை எழுதவில்லை. கூட்டுறவுச் சங்கக் கடையில் வேலை கிடைத்திருந்தது. அவள் தனியே வந்து எழுதினாள். அந்த முறையும் சித்தி வரவில்லை. மூன்றாம் முறை எழுத அவளே மறுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு மூதூரில் ஒரு நல்ல குடும்பத்தில் அவளுக்குக் கலியாணம் நடந்தது. நான் போனேன். வாப்பா என்னைக் கண்டு, "வந்தீங்களா மகள்" என்று கையைப் பிடித்தார்.  அவர் கிழவனாகிவிட்டிருந்தார். சில வருடங்களில் மாரடைப்பு வந்து போய்விட்டார்.

எனக்கும் கலியாணம் நடந்தது, பிள்ளைகள் பிறந்தன. கடையில் மாவும் சீனியும் நிறுத்துக்கொண்டே வயது போனது. எங்கள் பாடசாலையின் ஆய்வுகூடத்தைப் பிறகு தையல் வகுப்பாக மாற்றினார்கள். பலகையைக் கழற்றிய அடையாளம் மட்டும் சுவரில் கன காலம் இருந்தது. அந்தப் போத்தல்களுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. கடலில் கொட்டியிருப்பார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், மூதூர் லோஞ்ச் புறப்படுகிற துறையில் அவளைக் கண்டேன். நான் ஒரு செத்த வீட்டுக்குப் போனவர்களை வழியனுப்ப வந்திருந்தேன். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, கையில் மருந்துப் பையோடு நின்றாள். முதலில் அவள்தான் என்னை அடையாளம் கண்டாள். இருவரும் பருத்துவிட்டோம். கொஞ்சம் சிரித்தோம். பிள்ளைகளை விசாரித்தோம். மூத்த மகள் சாதாரண தரம் எழுதப்போகிறாள் என்றாள்.

"நல்லாப் படிக்கிறாளோ?"

"நல்லாப் படிப்பாள். வகுப்பில முதலாம் ஆள்."

"பிறகு என்ன, டொக்டர்தான்" என்றேன், பேச்சுக்கு.

அவள் கடலைப் பார்த்தாள். "இல்ல. ஏ லெவலுக்குக் கலைதான் எடுக்கணும் எண்டு இப்பவே சொல்லி வச்சிரிக்கன்."

"அவளுக்கு என்ன விருப்பம்?"

"அவள் சயன்ஸ்தான் கேட்கிறாள். ராவும் பகலும் அழுகிறாள்." குரலில் ஒரு மாற்றமும் இல்லை. "எங்கட பள்ளிக்கூடத்தில இரசாயனத்துக்கு ஆள் இல்ல. வரும் வரும் எண்டு சொல்றாங்க. வராது. எனக்குத் தெரியும். கலை எடுத்தா பாஸாவது பண்ணுவாள். பெயில் எண்டு கேட்கத் தேவையில்ல."

 அப்படிச் செய்யாதை, பிள்ளையை விடு, இந்த முறை ஆள் வரலாம் என்று சொல்ல நினைத்தேன். ஆனால் என் சொந்த மகளுடைய பள்ளிக்கூடத்திலும் அந்த வருடம் விஞ்ஞானத்துக்கு ஆள் இல்லை.  லோஞ்ச் ஊதியது. ஆட்கள் மூட்டைகளோடு முண்டியடித்து ஏறத் தொடங்கினார்கள். அவள் மருந்துப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "வாறன் என்ன" என்று சொல்லி அந்தக் கூட்டத்துக்குள் போனாள். லோஞ்சின் எந்தப் பக்கத்தில் இருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. கடை திறக்கிற நேரம் ஆகிவிட்டிருந்தது. நான் திரும்பி நடந்தேன்.